ஒப்புக்கொள்ளலாமா? அஞ்சல் தொழிலாளரின் கூட்டு ஒப்பந்தம் பற்றி ஓர் ஆய்வு

ஸ்கூடாய், தாமான் யுனிவர்சிட்டியில் தெருக்களுக்குப் பெயர் குறைவு, எண் அதிகம். ஜாலான் கெபுடாயாஆன் என்று ஒரு பெயர். அதன் பின்னால் 1, 2, 3 என்று வரிசையாகப் போகும் தெருக்கள். இரு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள். பகல் பதினொரு மணி வெயிலில் அங்கே ஓர் அஞ்சல்காரர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கடிதம் என்றால் அவர் மோட்டார்சைக்கிளைவிட்டு இறங்குவதில்லை. ஒரு காலை ஊன்றுகிறார், பெட்டிக்குள் தள்ளுகிறார், அடுத்த வீட்டுக்கு நகர்கிறார். பார்சல் என்றால் கதை வேறு. ஸ்டாண்டு போட்டு இறங்க வேண்டும், கேட் முன்னால் நின்று குரல் கொடுக்க வேண்டும், ஆள் இல்லையென்றால் போன் செய்ய வேண்டும், ஒப்படைத்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்து வாங்கிப் படம் எடுக்க வேண்டும். கடிதத்துக்குச் சில வினாடி. பார்சலுக்குச் சில நிமிடம்.

அஞ்சல் தொழிலாளரின் சம்பளப் பேச்சு இன்று உலகம் முழுவதும் இந்த வினாடிக்கும் நிமிடத்துக்கும் இடையில்தான் சிக்கிக் கிடக்கிறது. கடிதம் குறைகிறது, பார்சல் கூடுகிறது. நிர்வாகம் நட்டக் கணக்கைக் காட்டுகிறது. தொழிலாளி தன் முதுகையும் முழங்காலையும் காட்டுகிறார். சங்கம் நடுவில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசி, ஒரு கூட்டு ஒப்பந்தத்தைக் கொண்டுவருகிறது. அதில் சம்பள உயர்வு இருக்கும். கூடவே வேலை நேரம், விடுப்பு, அலவன்ஸ், ஓவர்டைம் பற்றிய மாற்றங்களும் இருக்கும். அப்போது பட்டுவாடா நிலையத்தில் கடிதம் பிரிக்கும் மேசைகளுக்கு நடுவே எழுகிற கேள்வி ஒன்றுதான்: ஒப்புக்கொள்ளலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்வியை நான்கு பக்கமும் சுற்றிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, கணக்கு என்ன சொல்கிறது, ஏற்பவர்களும் மறுப்பவர்களும் என்ன சொல்கிறார்கள், மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்ப்போம்.

துறை மாறிய கதை

மலேசியாவில் அஞ்சல் சேவை 1992 ஜனவரி 1 வரை அரசாங்கத் துறை. அன்று அது போஸ் மலேசியா பெர்ஹாட் என்ற நிறுவனமானது. 2011இல் அரசாங்க முதலீட்டு நிறுவனமான கஸானா நேஷனல் தன்னிடமிருந்த 32 விழுக்காட்டுப் பங்கை டிஆர்பி-ஹைகோம் குழுமத்துக்கு விற்றது. அரசாங்க வேலை என்று நினைத்துச் சீருடை போட்ட தலைமுறையும், ஒரு கம்பெனி வேலை என்று தெரிந்தே வந்த தலைமுறையும் இன்று ஒரே மேசையில் கடிதம் பிரிக்கிறார்கள். பழையவருக்கு ஓய்வூதியம் நினைவில் இருக்கும், புதியவருக்கு இ.பி.எஃப் என்ற ஊழியர் சேமநிதிதான் எல்லாம். ஒரே ஒப்பந்தத்தை இருவரும் இரண்டு விதமாகப் படிப்பதற்கு இந்த வரலாறே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் வருமானம். 2010 ஜூலை 1ஆம் தேதி சாதாரணக் கடிதத்தின் தபால்தலை 30 சென்னிலிருந்து 60 சென்னானது. அப்போதே கடிதங்கள் குறையத் தொடங்கியிருந்தன. வங்கிக் கணக்கு அறிக்கை, மின்கட்டண பில், தொலைபேசி பில் எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டன. பார்சல் வியாபாரம் பெருகியது உண்மை; ஆனால் அந்த வியாபாரத்தில் ஜே&டி, நிஞ்சா வேன், ஷாப்பியின் சொந்த விநியோகம் என்று போட்டியாளர் பலர். அவர்களில் பலர் ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஆள் வைத்துக்கொள்கிறார்கள். போஸ் மலேசியாவுக்கோ நாட்டின் எந்த மூலையில் இருக்கும் முகவரிக்கும் கடிதம் சேர்க்கும் பொதுச்சேவைக் கடமை இருக்கிறது. நிறுவனம் பல ஆண்டுகளாக நட்டம் காட்டி வருகிறது. 2021இல் அது 300 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது.

ஆகவே பேச்சுவார்த்தை மேசையில் நிர்வாகம் உட்காரும்போது அதன் கையில் ஒரு வலுவான காகிதம் இருக்கிறது. பணம் இல்லை என்று சொல்வதற்கு அது வெட்கப்பட வேண்டியதில்லை. தொழிலாளியின் பக்கமும் ஓர் உண்மை இருக்கிறது: அந்த நட்டத்தை அவர் உண்டாக்கவில்லை. கடிதம் குறைந்ததற்கு அவர் பொறுப்பல்ல, விலைவாசி ஏறியதற்கும் அவர் பொறுப்பல்ல.

சட்டம் வரைந்த எல்லை

கூட்டு ஒப்பந்தம் என்பது என்ன என்பதைத் தொழிலியல் உறவுச் சட்டம் 1967 தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தக் காலம் மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது. கையெழுத்தான ஒரு மாதத்துக்குள் அதைத் தொழிலியல் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். நீதிமன்றம் அதை ஏற்றுப் பதிந்துவிட்டால், அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அந்த நிறுவனத்தில் அந்தப் பிரிவில் இன்று வேலை செய்பவரை மட்டுமின்றி, நாளை சேரப்போகிறவரையும் அது கட்டுப்படுத்தும். ஒப்பந்தத்தில் அடங்கிய விஷயங்களுக்காக அந்தக் காலத்தில் வேலைநிறுத்தம் செய்யவும் முடியாது.

இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று ஆண்டு என்பது நீண்ட காலம். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போய்விடும். அவ்வளவு காலத்துக்கு ஒரு குடும்பத்தின் வரவை முடிவு செய்யும் காகிதம் அது.

சட்டத்தின் 13ஆம் பிரிவு இன்னோர் எல்லையையும் போடுகிறது. பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் சேர்ப்பு, ஆட்குறைப்பு, பணிநீக்கம், வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது ஆகியவை நிர்வாகத்தின் உரிமை. பொதுவான கேள்வி எழுப்பலாமே தவிர, சங்கம் அவற்றைக் குறிப்பிட்ட கோரிக்கையாகத் தன் பட்டியலில் சேர்க்க முடியாது. அஞ்சல்காரரின் அன்றாடத் துன்பத்தில் பாதி இந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. ஒரு சுற்றில் எத்தனை வீடு, எத்தனை பார்சல், யாருக்கு எந்தத் தாமான் என்பதெல்லாம் வேலைப் பங்கீடு. அதை நேராகத் தொட முடியாத சங்கம், சம்பளத்தையும் நேரத்தையும் அலவன்ஸையும் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தம் பிடிக்கவில்லை என்றால் வேலைநிறுத்தம் செய்யலாமே என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. தொழிற்சங்கச் சட்டம் 1959இன்படி, வேலைநிறுத்தம் செய்ய இரகசிய வாக்கெடுப்பில் வாக்குரிமையுள்ள உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் வேண்டும். வாக்களிக்க வராதவரும் இங்கே எதிர்ப்பாகவே எண்ணப்படுகிறார். அஞ்சல் சேவை அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் இருப்பதால், முன்னறிவிப்புக் கொடுத்து 21 நாள் கழியாமல் வேலையை நிறுத்த முடியாது. அதற்குள் மனிதவள அமைச்சர் தகராறைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால், வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகிவிடும். நடைமுறையில், ‘வேண்டாம்’ என்று சொல்லும் மலேசிய அஞ்சல்காரர் தெருவுக்குப் போவதில்லை, நீதிமன்றத்துக்குத்தான் போகிறார்.

நீதிமன்றத்தில் என்ன கிடைக்கும்? சம்பளத் தகராறுகளில் தொழிலியல் நீதிமன்றம் நெடுங்காலமாகக் கையாளும் ஓர் அளவுகோல் உண்டு. கடந்த ஒப்பந்தத்துக்குப் பின் விலைவாசிக் குறியீடு எவ்வளவு ஏறியதோ, அதில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஈடுசெய்வது; அதோடு நிறுவனத்தின் நிதி நிலையையும் அதே போன்ற பிற நிறுவனங்களின் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. அதாவது விலை ஏற்றத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தொழிலாளியே சுமக்க வேண்டும் என்பது அந்த அளவுகோலுக்குள்ளேயே அடங்கிய கருத்து. ஒப்பந்தத்தை எடைபோடும் யாரும் முதலில் இந்தத் தராசைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வீட்டுக் கணக்கு

எண்களை வைத்துப் பார்ப்போம். மலேசியாவில் விலைவாசி 2022இல் 3.3 விழுக்காடும், 2023இல் 2.5 விழுக்காடும், 2024இல் 1.8 விழுக்காடும் உயர்ந்தது. மொத்தம் ஏறக்குறைய 7.6. இதில் மூன்றில் இரண்டு பங்கு 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2,000 ரிங்கிட் அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது மாதம் 100 வெள்ளி. 2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.

இந்த 100 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறதா, ஒருமுறை கொடுக்கும் தொகையாக வருகிறதா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அடிப்படையில் சேர்ந்தால், முதலாளியின் இ.பி.எஃப் பங்கு 13 விழுக்காடு அதன்மேல் வரும். மாதம் இன்னும் 13 வெள்ளி. 15 ஆண்டு வேலை மீதமிருக்கும் ஒருவருக்கு 18,000 வெள்ளிச் சம்பளமும், லாப ஈவைக் கணக்கில் எடுக்காமலே 2,340 வெள்ளிச் சேமநிதியும் கூடும். அதற்குப் பதிலாக 2,000 வெள்ளி ரொக்கம் தருகிறோம் என்றால், தீபாவளிக்கு முன் கையில் வந்த பணம் பொங்கலுக்குள் போய்விடும். கடன் நெருக்கும் வீட்டில் அந்த 2,000 பெரிதாகத் தெரிவதில் தவறில்லை. ஆனால் இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பேசக் கூடாது.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். வேலைச் சட்டத்தின்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை 8ஆல் வகுத்தால் ஒரு மணிநேரக் கூலி. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு. 2,000 வெள்ளி வாங்குகிறவருக்கு ஒரு மணிநேர ஓவர்டைம் 14 வெள்ளி 42 சென். மாதம் 20 மணி ஓவர்டைம் செய்தால் 288 வெள்ளி.

புதிய ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 100 வெள்ளி கூட்டி, வேலை தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைத்து, அந்த 20 மணி ஓவர்டைமை இல்லாமல் செய்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்புப் பலகையில் 5 விழுக்காடு உயர்வு என்று இருக்கும். வீட்டுக்கு வரும் பணத்தில் 188 வெள்ளி குறையும். இதையே வேறொருவர் வேறு விதமாகவும் பார்க்கலாம்: ஓவர்டைமுக்கு இ.பி.எஃப் கிடையாது, அதை எப்போது வேண்டுமானாலும் நிர்வாகம் நிறுத்தலாம், மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார முடிவதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டு வாதமும் நேர்மையானவை. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ‘5 விழுக்காடு’ என்ற ஒரே எண்ணுக்குக் கை தூக்குவது நேர்மையான முடிவாகாது.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது சம்பளப் பக்கத்தை விட்டுவிட்டு நேரப் பக்கத்தை முதலில் திருப்ப வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அஞ்சல்காரர் விற்பது நேரம். எவ்வளவு நேரம், எந்த நேரம் என்பது தெரிந்த பிறகே விலை சரியா என்று சொல்ல முடியும்.

ஏற்பவர் வாதம், மறுப்பவர் வாதம்

ஏற்போம் என்பவர்களின் வாதங்களில் வலுவானவை மூன்று. முதலாவது, நட்டத்தில் ஓடும் நிறுவனத்தில் இன்று கிடைப்பதை வாங்கிக்கொள்வதே புத்தி. நாளை ஆட்குறைப்பு வந்தால் உயர்வைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. இரண்டாவது, நீதிமன்றத்துக்குப் போனால் காலம் ஓடும். அதுவரை பழைய சம்பளம்தான். பின்தேதியிட்டு நிலுவை கிடைத்தாலும், அந்த மாதங்களின் வாடகையும் பள்ளிச் செலவும் காத்திருக்காது. மூன்றாவது, சங்கத்தை அனுப்பியது நாம். நம் ஆட்கள் பேசிக் கொண்டுவந்ததை நாமே தள்ளிவிட்டால், அடுத்த முறை அவர்கள் பேச்சுக்கு மேசையில் மதிப்பு இருக்காது.

மறுப்போம் என்பவர்களின் வாதங்களும் மூன்று. விலைவாசிக்குக் கீழே வரும் உயர்வு உயர்வே அல்ல, சம்பளக் குறைப்பு. அடுத்து, ஒருமுறை விட்டுக்கொடுத்த வேலை நிபந்தனை திரும்பி வருவதில்லை; சம்பளத்தை மூன்று ஆண்டில் மறுபடி பேசலாம், விட்ட விடுப்பையும் விட்ட நேரத்தையும் மீட்பது அரிது. கடைசியாக, புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்த சம்பளம் என்ற விதி. இது வாக்களிப்பவரை நேரடியாகத் தொடாது. இன்னும் வேலைக்கே வராத ஒருவரைத் தொடும். அதனால் இந்த விதி எப்போதும் எளிதில் தேறிவிடும். ஆனால் பத்து ஆண்டு கழித்து ஒரே சுற்றை ஒரே வெயிலில் இரண்டு சம்பளத்துக்கு இருவர் செய்யும்போது, சங்கம் உள்ளுக்குள்ளேயே உடைகிறது.

இந்த ஆறு வாதங்களில் எதையும் ஒதுக்க எனக்கு மனமில்லை. கடைசி வாதத்தை மட்டும் நான் மற்றவற்றைவிடக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் தலைமுறை பேரிலும் கையெழுத்துப் போடுகிறோம் என்பது சட்டமே சொல்லும் உண்மை.

ஸ்கூடாயில் இவற்றோடு ஏழாவது ஒன்றும் உண்டு: அக்கரைச் சிங்கப்பூர். விடியற்காலை நான்கு மணிக்குத் தாமான் உங்கு துன் அமினாவிலிருந்தும் முத்தியாரா ரினியிலிருந்தும் கிளம்பும் மோட்டார்சைக்கிள்கள் பாலத்தை நோக்கியே போகின்றன. அங்கே சம்பாதிக்கும் ஒரு வெள்ளி இங்கே மூன்று வெள்ளிக்கு மேல். சம்பளம் பிடிக்காத இளைஞர் சங்கக் கூட்டத்துக்கு வந்து சண்டை போடுவதில்லை. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறார். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், குறையுள்ள அமைப்பில் மனிதருக்கு இரண்டு வழி உண்டு, ஒன்று வெளியேறுவது, மற்றது குரல் கொடுப்பது என்றார். வெளியேறுவது எளிதாகும் இடத்தில் குரல் மெலிகிறது என்பதையும் காட்டினார். ஸ்கூடாயைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது அது. குரல் கொடுக்கக்கூடியவர்கள் பாலம் ஏறிவிட, வயதும் குடும்பமும் ஊரோடு கட்டிப்போட்டவர்கள் இங்கே ஒப்பந்தத்தை எடைபோடுகிறார்கள். ஆள் போன சுற்றுகளின் வீடுகள் அவர்கள் தலையில் சேர்கின்றன.

பிற இடங்களில் நடந்தது

பாலத்துக்கு அந்தப் பக்கமே நமக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1952 மே 13ஆம் தேதி சிங்கப்பூரில் சுமார் 500 அஞ்சல்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். சம்பளப் பேச்சு முறிந்திருந்தது. அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக நின்றவர் அப்போது 28 வயது வழக்கறிஞராக இருந்த லீ குவான் இயூ. பத்திரிகைகள் வழியாகத் தொழிலாளரின் நியாயம் மக்களுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் வேலைநிறுத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. பேச்சு மீண்டும் தொடங்கியது. தகராறு நடுவரிடம் போனது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் இரு தரப்பின் மானமும் கெடாமல் மேசைக்குத் திரும்ப ஒரு வழி வைத்திருந்தார்கள். மறுப்பவர்களுக்கு அடுத்த படி என்ன என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1971 பிரிட்டன் சாட்சி. 15 விழுக்காடு கேட்டு, 8 விழுக்காட்டை மறுத்து, ஜனவரி 20 முதல் மார்ச் 8 வரை 47 நாள் அஞ்சல்காரர்கள் வெளியே நின்றார்கள். சங்கத்தின் பணம் தீர்ந்தது. வேலைக்குத் திரும்பிய பின் விசாரணைக் குழு கொடுத்தது 9 விழுக்காடு. ஒரு விழுக்காட்டுக்கு 47 நாள் சம்பளம் போனது.

அதே பிரிட்டனில் அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு காட்சி. ராயல் மெயில் தொழிலாளர்கள் 2022இல் 18 நாள் வேலைநிறுத்தம் செய்தபின், 2023 ஏப்ரலில் சங்கம் ஓர் ஒப்பந்தத்தை எட்டியது. மூன்று ஆண்டுக்கு 10 விழுக்காடு, 500 பவுண்டு ரொக்கம். பதிலுக்குக் காலையில் தாமதமாகத் தொடங்கும் வேலை நேரம், குளிர்காலத்தில் கூடுதலாகவும் கோடையில் குறைவாகவும் மணிநேரம். விலைவாசி கடுமையாக ஏறிய காலம் அது. பலர் கோபப்பட்டார்கள், கிளைகள் வாதாடின, வாக்கெடுப்பே தள்ளிப்போனது. ஜூலை 11இல் முடிவு வந்தபோது, வாக்களித்தவரில் 75.9 விழுக்காட்டினர் ஏற்றிருந்தார்கள். மனநிறைவோடு ஏற்றார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று தெரிந்து ஏற்றார்கள்.

அமெரிக்காவில் நேர்மாறு. நகர அஞ்சல்காரர் சங்கத் தலைமை 2024 அக்டோபரில் ஆண்டுக்கு 1.3 விழுக்காட்டுப் பொது உயர்வுடன் ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தது. உறுப்பினர்கள் 2025 ஜனவரி இறுதியில் அதைத் தள்ளினார்கள்: எதிர்ப்பு 63,680, ஆதரவு 26,304. அங்கே அஞ்சல்காரருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை. விஷயம் நடுவரிடம் போனது. மார்ச்சில் வந்த தீர்ப்பு 1.3, 1.4, 1.5 என்று சிறிதே கூடியது. மறுத்ததால் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் உறுப்பினர் மனதில் என்ன இருக்கிறது என்பதைச் சங்கத் தலைமை இனி ஒருபோதும் ஊகித்துக்கொள்ள முடியாது. அதற்கு எண் இருக்கிறது.

கனடாவில் 2025 கோடையில் நிறுவனத்தின் இறுதிச் சலுகையை அமைச்சர் நேராகத் தொழிலாளர் வாக்குக்கு விட்டார். நகரப் பிரிவில் 68.5, கிராமப் பிரிவில் 69.4 விழுக்காட்டினர் மறுத்தனர். சங்கத்தைத் தாண்டித் தொழிலாளியிடம் போனால் அவர் இறங்கிவருவார் என்ற எண்ணம் அங்கே பலிக்கவில்லை.

தாய்த்தமிழ் மண்ணுக்கும் நெருக்கமான ஒன்று, இந்திய கிராம டாக் சேவக்குகளின் போராட்டம். ஏறக்குறைய 3 லட்சம் பேர். தமிழ்நாட்டின் கிராமக் கிளை அஞ்சலகங்களைத் தாங்குகிறவர்கள் இவர்கள்தான். அவர்களுக்கான கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அது அமலாகாமல் கிடந்தது. 2018 மே 22இல் தொடங்கிய வேலைநிறுத்தம் பதினாறு நாள் நீடித்து, ஜூன் 6இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபின் முடிந்தது. நான்கு மணிநேரக் கிளை அஞ்சலகத் தலைவருக்கு 12,000 ரூபாய், மற்றச் சேவக்குகளுக்கு 10,000 ரூபாய் குறைந்தபட்சமாயிற்று. ஆனால் முழு அரசு ஊழியர் என்ற தகுதி கிடைக்கவில்லை. பணம் கிடைத்தது, அந்தஸ்து அடுத்த போராட்டத்துக்கு மிஞ்சியது. ஏற்பது என்பது எப்போதும் பாதியை ஏற்பதுதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இல்லை.

நம் தோட்டத்து நினைவு

மலேசியத் தமிழருக்குக் கூட்டு ஒப்பந்தம் புதிய சொல் அல்ல. ஸ்கூடாயைச் சுற்றியிருந்த ரப்பர்க் காடுகள் தாமான்களாவதற்கு முன், நம் பாட்டன்மாரின் கூலியை முடிவு செய்தது தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமும் மாப்பா என்ற தோட்ட முதலாளிமார் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள்தான். 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் சங்கத்தை பி.பி. நாராயணன் பல பத்தாண்டுகள் வழிநடத்தினார். ரப்பர் விலையோடு நாட்கூலியை இணைத்த ஒப்பந்தங்கள் அவை. மழை பெய்தால் வேலை இல்லை, விலை சரிந்தால் கூலி இல்லை என்ற நிலையிலிருந்து மாதச் சம்பளத்துக்கு வர எத்தனையோ ஆண்டுகள் பிடித்தன.

அந்தச் சங்கம் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் லயத்துப் பெரியவர்களிடம் பேசியவர்களுக்கு ஒரு குரல் தெரிந்திருக்கும்: ‘மேலே பேசி முடிச்சிட்டாங்க.’ பால்மரம் சீவிய அந்தக் கைகளுக்கு ஒப்பந்தம் ஒரு செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. கங்காணி சொன்னார், சங்கத்து ஆள் சொன்னார், கூலிச் சீட்டில் தெரிந்தது. ஒப்பந்தம் நல்லதாகவே இருந்திருக்கலாம். அது தன்னுடையது என்று அவர்கள் நினைக்க இடமிருக்கவில்லை. தன்னுடையது என்று நினைக்காத ஒன்றைக் காக்க யாரும் எழுந்து நிற்பதில்லை. மலேசியாவில் இன்று நூறு தொழிலாளரில் ஏறக்குறைய ஆறு பேரே சங்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. இதுவும் அவற்றில் ஒன்று என்று நான் நம்புகிறேன்.

சட்டம் கேட்காத வாக்கு

இந்த இடத்தில்தான் நம் சட்டத்தின் ஓர் இடைவெளி கண்ணில் படுகிறது. வேலைநிறுத்தம் செய்ய மூன்றில் இரண்டு பங்கு இரகசிய வாக்கு வேண்டும் என்று கேட்கும் தொழிற்சங்கச் சட்டம், மூன்று ஆண்டுக்கு அனைவரையும் கட்டிப்போடும் ஒப்பந்தத்தை ஏற்பதற்கு உறுப்பினர் வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு மலையேற வேண்டும்; சரி என்று சொல்வதற்குச் சில பேர் கையெழுத்துப் போதும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அஞ்சல்காரரின் வீட்டுக்கே வாக்குச்சீட்டு வருகிறது. அவர்களே சுமந்துபோய்ச் சேர்க்கும் தபால்களுக்கு நடுவே அவர்களுடைய எதிர்காலமும் ஓர் உறைக்குள் இருக்கிறது.

சட்டம் கேட்காததைச் சங்கம் தானே செய்ய எந்தத் தடையும் இல்லை. அஞ்சல் துறையில் சீருடைப் பணியாளர், எழுத்தர் என்று தனித்தனிச் சங்கங்களாகவும், தீபகற்பம், சபா, சரவாக் என்று தனித்தனி நிலப்பரப்பாகவும் அமைப்பு பிரிந்து வளர்ந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அமலுக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தத்தால், ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் எழவும் வழி திறந்திருக்கிறது. உறுப்பினரைக் கேட்காத சங்கத்தைவிட்டு உறுப்பினர் இனி எளிதில் விலகலாம். ஆகவே கேட்பது நல்லெண்ணம் மட்டுமல்ல, சங்கம் உயிரோடிருக்கவும் அதுவே வழி.

கேட்பது எப்படி? நான் வைக்கும் யோசனைகள் பெரியவை அல்ல. வரைவு ஒப்பந்தத்தின் முழு வாசகமும் கையெழுத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஒவ்வொரு பட்டுவாடா நிலையத்திலும் இருக்க வேண்டும். சுருக்கம் மட்டும் போதாது, ஏனென்றால் விட்டுக்கொடுத்தவை சுருக்கத்தில் வருவதில்லை. அதோடு ஒரு பக்கக் கணக்குத் தாள் ஒன்று, இன்ன சம்பளம், இன்ன ஓவர்டைம் வாங்குகிறவருக்குப் புதிய ஒப்பந்தத்தில் வீட்டுக்கு வருவது இவ்வளவு என்று மூன்று நான்கு மாதிரிகளுடன். அதை மலாயிலும் தமிழிலும் எழுதினால் வீட்டில் மனைவியும் அம்மாவும் படிப்பார்கள். சம்பளத்தைச் செலவாக்குகிறவர்கள் அவர்கள்தானே. புதிதாகச் சேர்பவருக்கு வேறு விதி இருந்தால், அதைத் தனியே எடுத்து முதல் பக்கத்தில் போட வேண்டும். பிறகு இரகசிய வாக்கு. அந்த வாக்குக்கு முன்பே, மறுத்தால் அடுத்து என்ன, நீதிமன்றத்தில் எதிர்பார்க்கக் கூடியது எவ்வளவு, எத்தனை மாதம் ஆகும் என்பதைச் சங்கம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இத்தனையும் செய்தபின் உறுப்பினர் ஏற்றால், நிர்வாகத்திடம் சங்கம் ‘இது எங்கள் எல்லோருடைய சொல்’ என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். மறுத்தால், பேச்சுக்குத் திரும்பும் தலைவர் கையில் வெறும் கோபம் இருக்காது. ஓர் எண் இருக்கும். இரண்டு முடிவிலும் சங்கத்துக்கு நட்டமில்லை.

முடிவாக

ஒப்புக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் பதில் கிடையாது. 1971இல் மறுத்தவர்கள் களைத்துத் திரும்பினார்கள். 2018இல் நின்றவர்கள் சம்பளத்தை வென்றார்கள். 2023இல் பிரிட்டனில் மனமில்லாமல் ஏற்றார்கள். 2025இல் அமெரிக்காவில் கோபத்தோடு தள்ளியவர்களுக்கு, தள்ளியதைவிடச் சற்றே கூடுதல்தான் கிடைத்தது. பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏற்பதற்கும் மறுப்பதற்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடச் சிறியது. ஆனால் கேட்கப்பட்டவராக இருப்பதற்கும் கேட்கப்படாதவராக இருப்பதற்கும் உள்ள இடைவெளி பெரியது. லயத்துப் பெரியவர்கள் அந்த வேறுபாட்டைத் தங்கள் வாழ்நாள் முழுவதும் சுமந்தார்கள்.

ஜாலான் கெபுடாயாஆனில் அஞ்சல்காரர் கேட் முன்னால் நின்று ஒவ்வொரு பார்சலுக்கும் கையெழுத்துக் கேட்கிறார். பத்து வெள்ளிச் சாமானாக இருந்தாலும், வாங்குகிறவர் பார்த்து, சரி என்று சொல்லி, பெயர் எழுதிய பிறகுதான் அது சேர்ந்ததாகக் கணக்கு. அவருடைய மூன்று ஆண்டு வாழ்க்கையைக் கொண்டுவரும் ஒப்பந்தத்துக்கும் அந்த ஒரு கையெழுத்தை அவரிடம் கேட்க வேண்டும்.